வாலியின் முன் தனியாக நிற்க வேண்டாம்: வம்பிழுக்கப்படும் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

தாரமங்கலம் கைலாசநாதர் கோயில் மண்டபத்தில் வாலியும் சுக்ரீவனும் மல்லுக்கு நிற்கும் சிற்பம் இருக்கிறது. சற்றுத் தள்ளி இன்னொரு தூணில் இராமர் வில்லோடு நிற்கிறார். இராமர் நிற்கும் தூணருகே நின்று பார்த்தால் வாலி தெரிவான். வாலி இருக்கும் தூணருகே நின்று பார்த்தால் இராமர் தெரியமாட்டார். சேலத்துப் பள்ளிகளிலிருந்து சுற்றுலா போகும் பிள்ளைகள் இரண்டு தூண்களுக்கும் இடையே ஓடி ஓடி இதைச் சரிபார்ப்பார்கள். யாளியின் வாயில் உருளும் கல் உருண்டையைவிட இதற்குத்தான் கூட்டம் அதிகம்.

"மறைந்து நின்று அம்பு விட்டது நியாயமா?" என்று ஏதாவது ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும். அந்தக் கேள்வியைப் பட்டிமன்றங்கள் பல தலைமுறையாகப் பேசித் தீர்க்க முடியாமல் வைத்திருக்கின்றன. என் கண் அங்கே சுக்ரீவன்மேல்தான் போகும். தன்னைவிட வலியவனிடம் அடிபட்டவன், ஊரைவிட்டுத் துரத்தப்பட்டவன், மனைவியைப் பறிகொடுத்தவன். அவன் அடுத்தடுத்து என்ன செய்தான் என்று வரிசையாகப் பார்த்தால், பள்ளியில் தினமும் வம்பிழுக்கப்படும் ஒரு பிள்ளைக்கு வேண்டிய வழி அதில் இருக்கிறது.

சேலத்தில் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள் நான். "பொறுத்துப் போ, சாமி பார்த்துக்கொள்ளும்" என்று சொல்லிப் பிள்ளையை அனுப்பும் பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். "நீயும் திருப்பி அடி" என்று அனுப்பும் பெற்றோரையும் பார்த்திருக்கிறேன். இரு தரப்பாரும் தாங்கள் சொல்வதுதான் நம் தர்மம் என்று நம்புகிறார்கள். இரண்டுமே பிள்ளையை வாலியின் முன் தனியாக நிறுத்துகின்றன.

படி 1: விளையாட்டா, வம்பா என்று பிரித்தறியுங்கள்

நண்பர்களுக்குள் கேலி இல்லாமல் எந்த வகுப்பும் இல்லை. எல்லாவற்றையும் புகாராக்கினால் பிள்ளைக்கு நண்பர்களே மிஞ்சமாட்டார்கள். மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். இது திரும்பத் திரும்ப நடக்கிறதா? செய்பவனுக்கும் படுபவனுக்கும் பலம் சமமாக இருக்கிறதா? "வேண்டாம், நிறுத்து" என்று சொன்னால் நிற்கிறதா? திரும்பத் திரும்ப நடந்து, பலம் சமமில்லாமல், சொல்லியும் நிற்காவிட்டால் அது வம்பு. செய்கிறவர்கள் எல்லாரும் "சும்மா விளையாட்டுக்குத்தான் டீச்சர்" என்றுதான் சொல்வார்கள். அதில் ஏமாற வேண்டாம்.

இதன் உயிர்நாடி பலத்தின் ஏற்றத்தாழ்வுதான். வள்ளுவர் அதை அருளுடைமை அதிகாரத்தின் கடைசிக் குறளில் (250) பிடித்துவிட்டார்: "வலியார்முன் தன்னை நினைக்கதாந் தன்னின் மெலியார்மேல் செல்லும் இடத்து." உன்னைவிட மெலிந்தவன்மேல் பாயப் போகும்போது, உன்னைவிட வலியவன் முன்னால் நீ நின்ற நிலையை நினைத்துப் பார் என்கிறார். வம்பிழுக்கும் பிள்ளைக்குச் சொல்ல இதைவிட நல்ல வரி எனக்குத் தெரியாது. அந்தப் பிள்ளையும் வீட்டிலோ தெருவிலோ யாரோ ஒரு வலியவர் முன்னால் நடுங்கி நின்றிருக்க வாய்ப்பு உண்டு.

அடி மட்டும் வம்பு அல்ல. பட்டப்பெயர், சாப்பாட்டு டப்பாவைத் திறந்து மூக்கைப் பொத்துவது, விளையாட்டில் சேர்க்காமல் ஒதுக்குவது, வாட்ஸ்அப் குழுவில் படத்தைப் போட்டுச் சிரிப்பது எல்லாம் சேரும். ஏற்காட்டுக்கு அப்பால் சேர்வராயன் மலைக் கிராமங்களிலிருந்து சேலத்துக்குப் படிக்க வரும் பிள்ளைகளை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களின் சாதிச் சான்றிதழில் 'மலையாளி' என்று இருக்கும். அது அந்தப் பழங்குடி மக்களின் பெயர். சேலத்துப் பிள்ளைக்கு அது தெரியாது. "கேரளாவா?" என்று முதல் நாள் கேட்பான், இரண்டாம் வாரம் "காட்டான்" என்பான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சேலம் உத்தமசோழபுரத்தில் திருமணிமுத்தாற்றங்கரையில் கரபுரநாதர் கோயில் இருக்கிறது. பாரி மகளிர் அங்கவை, சங்கவைக்கு ஔவையார் முன்னின்று திருமணம் செய்துவைத்த இடம் அது என்று நம் ஊரில் வழிவழியாகச் சொல்வார்கள். தகப்பனை இழந்த இரண்டு பெண்களுக்குத் தாயாக நின்றவள் ஔவை. அந்தப் பெயர்களை ஒரு புகழ்பெற்ற திரைப்படம் கறுத்த பெண்களைக் கேலி செய்யும் பெயர்களாக்கிவிட்டது. அதன்பின் எத்தனையோ வகுப்பறைகளில் கறுத்த பெண் பிள்ளைகள் அந்தப் பெயரைக் கேட்டுத் தலைகுனிந்திருக்கிறார்கள். என் வகுப்பிலும் ஒருத்தி. அவளை அந்தக் கோயிலுக்கு அழைத்துப் போய்க் கதையைச் சொன்ன பிறகுதான் அந்தப் பெயரைச் சொன்னவனை அவளால் நிமிர்ந்து பார்க்க முடிந்தது. "உருவுகண்டு எள்ளாமை வேண்டும்" என்ற குறளை (667) மனப்பாடம் செய்யவைக்கும் நாம், நிறத்தைச் சொல்லிச் சிரிக்கும் வீட்டுப் பெரியவர்களை ஒரு வார்த்தை கேட்பதில்லை.

படி 2: முதல் நாள் மாலை, பேசாமல் கேளுங்கள்

பிள்ளை நேரடியாகச் சொல்லாது. காலையில் வயிற்றுவலி வரும். பென்சில், ஸ்கேல், டிபன் டப்பா அடிக்கடி தொலையும். வழக்கமான பஸ்ஸில் போகமாட்டேன் என்று சொல்லும். அப்போது "யார் என்ன செய்தது?" என்று போலீஸ் விசாரணை நடத்தாதீர்கள். பூண்டு உரிக்கும்போதோ, துணி மடிக்கும்போதோ, முகத்துக்கு நேராக உட்காராமல் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள். முடித்ததும், "நீ சொன்னது நல்லதாகப் போயிற்று. இது உன் தப்பு இல்லை. இனி நாம் சேர்ந்து பார்த்துக்கொள்வோம்" என்று சொல்லுங்கள். இந்த மூன்று வாக்கியங்களும் போதும்.

சொல்லவே கூடாத ஒன்று இருக்கிறது: "எல்லாம் உன் கர்மவினை." படித்தவர்கள்கூடச் சொல்லிவிடுகிறார்கள். கர்மக் கொள்கை செய்கிறவனை எச்சரிக்க வந்தது. அடிபடுகிறவனைக் குற்றவாளியாக்க வந்தது அல்ல. பாகவதத்தில் துருவனின் கதையைப் பாருங்கள். ஐந்து வயதுப் பிள்ளை. தகப்பன் மடியில் ஏறப் போனவனை மாற்றாந்தாய் சுருசி, "என் வயிற்றில் பிறக்காத உனக்கு இந்த மடி கிடையாது" என்று துரத்துகிறாள். தகப்பன் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறான். அழுதுகொண்டு வந்த பிள்ளையிடம் தாய் சுநீதி "நீ என்ன செய்தாய்?" என்று கேட்கவில்லை. அவளும் அழுகிறாள். பிறகு, பிறருக்குத் தீங்கு நினைக்காதே, பிறருக்குக் கொடுத்த துன்பத்தைக் கொடுத்தவனே அனுபவிப்பான் என்கிறாள். வினை அங்கே கொடுத்தவன் பக்கம்தான் திரும்புகிறது. அடுத்து அவள் பிள்ளைக்குப் போக ஓர் இடத்தைக் காட்டுகிறாள். வலியை ஒப்புக்கொண்டு, பகையை வளர்க்காமல், ஒரு வழியையும் காட்டிய தாய் அவள்.

படி 3: ருசியமூகத்தைக் கண்டுபிடியுங்கள்

வாலி துரத்தியபோது சுக்ரீவன் உலகமெல்லாம் ஓடினான். கடைசியில் ருசியமூக மலையில் தங்கினான். மதங்க முனிவரின் சாபத்தால் வாலி அந்த மலையில் கால்வைக்க முடியாது. சுக்ரீவன் முதலில் செய்தது இதைத்தான். சண்டைக்கு முன்னால், நட்புக்கு முன்னால், மூச்சுவிட ஓர் இடம். இதைக் கோழைத்தனம் என்று இராமாயணம் எங்கும் இகழவில்லை.

உங்கள் பிள்ளையின் நாளை ஒரு தாளில் வரைந்து பாருங்கள். வீட்டுவாசல், பஸ் நிறுத்தம், பஸ், பள்ளி வாசல், வகுப்பு, இடைவேளை, கழிப்பறை, மதிய உணவு, விளையாட்டு மைதானம், திரும்பும் பஸ். எங்கே நடக்கிறது என்று பிள்ளையே குறி போடட்டும். நான் பார்த்தவரை பெரும்பாலும் ஆசிரியர் கண் எட்டாத நான்கைந்து இடங்கள்தான்: கழிப்பறைப் பக்கம், சைக்கிள் நிறுத்தும் இடம், மாடிப்படித் திருப்பம், பஸ்ஸின் கடைசி இருக்கை, விடுதியின் இரவு நேரம். அந்த இடங்களுக்கு மட்டும் சில வாரங்களுக்கு மாற்று ஏற்பாடு செய்யுங்கள். பஸ்ஸில் ஓட்டுநருக்குப் பின்னால் உட்காரட்டும். மதியம் நூலகத்திலோ, ஓர் ஆசிரியர் இருக்கும் அறைக்கு அருகிலோ சாப்பிடட்டும். கழிப்பறைக்கு நண்பனோடு போகட்டும். இது நிரந்தரமல்ல என்று பிள்ளைக்குச் சொல்லிவிடுங்கள். சுக்ரீவன் ருசியமூகத்திலேயே கிழவனாகவில்லை.

படி 4: தனியே எதிர்நிற்காமல் இருக்கப் பழக்குங்கள்

கம்பர் வழியாக நம் நாட்டில் வழங்கும் கதையில் வாலிக்கு ஒரு வரம் உண்டு. அவன் எதிரே நின்று பொருபவரின் பலத்தில் பாதி அவனுக்குப் போய்விடும். வம்பிழுக்கப்பட்ட எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் இதைச் சொல்லும். "வீட்டில் நினைத்து வைத்த பதில் எல்லாம் அவன் முகத்தைப் பார்த்ததும் மறந்துபோகிறது" என்று ஒரு பெண் என்னிடம் சொன்னாள். அவள் பலம் பாதி போனது நிஜம். அதனால்தான் "தைரியமாகப் போய்ப் பேசு" என்ற அறிவுரை மட்டும் போதாது.

மூன்றைப் பழக்கலாம். முதலாவது, ஒரே ஒரு வாக்கியம். "எனக்கு இது பிடிக்கவில்லை, நிறுத்து" என்பது போல. வசவு இல்லாமல், கெஞ்சல் இல்லாமல், நடுத்தரமான குரலில். வீட்டில் கண்ணாடி முன் இருபது முறை சொல்லிப் பார்க்கட்டும். கீதையின் 17ஆம் அத்தியாயத்தில் வாக்கின் தவம் என்று கண்ணன் சொல்வது, பிறரைக் கொதிக்கச் செய்யாத, உண்மையான, இனிய, நன்மை தரும் பேச்சை. எதிரியைக் கொதிக்கவைக்காத உண்மை, பயந்தவன் கையில் நல்ல கருவி. இரண்டாவது, சொன்ன பிறகு அங்கே நிற்காமல் ஆட்கள் இருக்கும் பக்கம் நடப்பது. பதிலுக்குக் காத்திருந்தால் பேச்சு சண்டையாகிவிடும். மூன்றாவது, அன்றே ஒரு பெரியவரிடம் சொல்வது.

கீதையின் 16ஆம் அத்தியாயத்தில் தெய்வ குணங்களின் பட்டியல் வருகிறது. அகிம்சை இருக்கிறது, சினமின்மை இருக்கிறது. பட்டியலின் முதல் சொல் எது தெரியுமா? அபயம். அச்சமின்மை. அது முதலில் நிற்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். பயத்தில் அடங்கிப்போவதை அகிம்சை என்று நாம் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கக் கூடாது.

போன பலத்தைத் திரும்பக் கொண்டுவர அனுமன் கதை உதவும். தன் வலிமை தனக்கே மறந்துபோன அனுமனுக்கு, கடற்கரையில் ஜாம்பவான் ஒவ்வொன்றாக நினைவூட்டுகிறார். அவர் புதிதாக எதையும் கொடுக்கவில்லை. உங்கள் பிள்ளைக்கு நீச்சலோ, ஓவியமோ, தறி ஓட்டுவதோ, கணக்கோ எது நன்றாக வருகிறதோ அதற்கு இந்த நாட்களில் கூடுதல் நேரம் கொடுங்கள். பள்ளிக்கு வெளியே இன்னொரு நட்பு வட்டம் கிடைத்தால் இன்னும் நல்லது. சிலம்பம், கராத்தே அனுப்பலாமா என்று கேட்கிறார்கள். அனுப்பலாம், உடலின் நிமிர்வுக்காக. பழிவாங்க என்று அனுப்பினால் வீட்டில் இன்னொரு வாலியை வளர்ப்பீர்கள்.

படி 5: மாலையைப் போடுங்கள்

இந்தப் படிக்காகத்தான் நான் இவ்வளவும் எழுதுகிறேன்.

இராமரை நம்பி சுக்ரீவன் முதல்முறை வாலியைச் சண்டைக்கு அழைத்தான். அடி வாங்கி இரத்தம் ஒழுக ஓடி வந்தான். இராமர் அம்பு விடவே இல்லை. ஏன் என்று அழுது கேட்டபோது இராமர் சொன்ன காரணம்: நீங்கள் இருவரும் உருவத்தில் ஒரே போல் இருந்தீர்கள், யார் வாலி, யார் சுக்ரீவன் என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு பூத்த கொடி ஒன்றை மாலையாகச் சுக்ரீவன் கழுத்தில் போட்டு மறுபடி அனுப்பினார்கள். இரண்டாம் முறை அம்பு தவறவில்லை.

உதவ மனமுள்ளவருக்கும் அடிப்பவன் யார், அடிபடுகிறவன் யார் என்று தெரியாமல் போகும். இதை நான் என் தவறிலிருந்து படித்தேன். ஒரு மார்கழி மாதம், அரையாண்டுத் தேர்வுக்கு முந்தைய வாரம், சைக்கிள் நிறுத்தும் இடத்தில் ஏழாம் வகுப்புப் பையன்கள் இருவர் மண்ணில் புரண்டார்கள். இருவர் சட்டையிலும் பொத்தான் இல்லை. இருவர் உதட்டிலும் இரத்தம். இருவரையும் ஒரே மாதிரி வகுப்புக்கு வெளியே நிற்கவைத்தேன். நடுநிலையாக நடந்துகொண்டதாக நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்து அவர்களில் ஒருவனின் தாய் மலையிலிருந்து முதல் பஸ்ஸில் இறங்கி வந்தார். காப்பித் தோட்டத்தில் கூலி வேலை. கையில் ஒரு நீள நோட்டு. முன்பக்கத்திலிருந்து காப்பிப் பழம் பறித்த கிலோக் கணக்கும் கூலியும் எழுதியிருந்தது. நோட்டைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டினார். அவனுடைய அக்கா, ஒவ்வொரு முறை தம்பி விடுதியிலிருந்து வீட்டுக்கு வந்தபோதும் அவன் சொன்னதைக் கேட்டு எழுதி வைத்திருந்தாள். தேதி. இடம். யார். என்ன சொன்னார்கள். யார் பார்த்தார்கள். "ஐப்பசி 12, சாப்பாட்டு நேரம், சாமைச் சோற்றில் மண் போட்டான், மூன்று பேர் சிரித்தார்கள்" என்று ஒரு வரி. அப்படிப் பதினான்கு வரிகள். பதினான்காவதுதான் நான் பார்த்த சண்டை. அந்த ஒரு நாளில் முதல் அடி அந்தத் தாயின் மகன் கொடுத்ததுதான். நான் கடைசி நிமிடத்தை மட்டும் பார்த்து, மூன்று மாதத்துக்குத் தீர்ப்புச் சொல்லியிருந்தேன். "டீச்சர், அவன் அடித்தது தப்புதான். ஆனால் இதையும் படித்துவிட்டுச் சொல்லுங்கள்" என்று மட்டும் சொன்னார். அவர் முன்னால் என்னால் உட்கார முடியவில்லை.

ஆகவே எழுதுங்கள். தேதி, நேரம், இடம், செய்தது யார், சொன்ன சொற்கள் அப்படியே, அருகில் இருந்தவர்கள் யார், பிள்ளை யாரிடம் சொன்னது, அவர் என்ன செய்தார். "எப்போதும் தொல்லை கொடுக்கிறான்" என்று எழுதினால் அது மாலை ஆகாது, யாரும் எழுதலாம். நடந்ததை மட்டும் எழுதுங்கள், உங்கள் கோபத்தை எழுத வேண்டாம். கிழிந்த சட்டையைத் தைப்பதற்கு முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள். காயம் இருந்தால் அரசு மருத்துவமனைச் சீட்டு ஒன்று வாங்கிவிடுங்கள். கைப்பேசியில் வந்த செய்திகளை அழிக்காமல், தேதியும் பெயரும் தெரியும்படி படமெடுத்து அச்செடுங்கள். பிள்ளை பதில் போடாமல் இருக்கட்டும். உங்கள் பிள்ளை செய்த தப்பும் இருந்தால் அதையும் எழுதுங்கள். பதினான்காவது வரியை மறைக்காததால்தான் அந்த நோட்டை நான் முழுதாக நம்பினேன்.

படி 6: சாமம், தானம், பேதம், தண்டம்

நீதி நூல்கள் சொல்லும் நான்கு உபாயங்களும் ஓர் ஏணி. பெரும்பாலான பெற்றோர் முதல் படியிலேயே களைத்துப்போகிறார்கள், அல்லது நேரே நான்காவதற்குத் தாவுகிறார்கள்.

சாமம் என்பது பேச்சு. வகுப்பாசிரியரைப் பள்ளி நேரத்துக்கு வெளியே தனியாகப் பாருங்கள். நோட்டின் நகலைக் கொடுங்கள். "அவனுக்குத் தண்டனை கொடுங்கள்" என்று தொடங்காமல், "இது நிற்க என்ன செய்யலாம், எந்தத் தேதிக்குள் செய்யலாம்?" என்று கேளுங்கள். மற்றப் பிள்ளையின் வீட்டு வாசலுக்கு நேரே போகாதீர்கள். இரண்டு குடும்பங்களின் மானப் பிரச்சினையாகி, சாதிப் பேச்சு நுழைந்து, பிள்ளைகளின் விஷயம் மறைந்துபோகும்.

தானம் என்ற படியில் ஓர் எச்சரிக்கை. தினமும் பத்து ரூபாயோ, தின்பண்டமோ, வீட்டுப்பாடம் எழுதித் தருவதோ கொடுத்துத் தப்பிக்கும் பிள்ளைகள் உண்டு. அது தானம் அல்ல, கப்பம். கொடுக்கக் கொடுக்கக் கேட்பார்கள்.

பேதம் என்ற சொல் கேட்க நன்றாக இல்லை. ஆனால் இங்கே மிகவும் பயன்படுவது அதுதான். வம்பிழுக்கும் கூட்டத்தில் ஒருவன்தான் வாலி. மற்றவர்கள் அடுத்த அடி தங்கள்மேல் விழக்கூடாதே என்று சிரிப்பவர்கள். ஆசிரியர் அவர்களைக் கூட்டமாக அழைத்துத் திட்டினால் கூட்டம் இறுகும். ஒவ்வொருவராகத் தனியே அழைத்து, "நீ நல்லவன். அன்று சிரித்தபோது உனக்கு எப்படி இருந்தது?" என்று கேட்டால் இரண்டு வாரத்தில் கூட்டம் கரையும். என் வகுப்பில் அந்த மூன்று பேரிடம் இதைத்தான் செய்தேன். ஒருவன் மறுநாளே மலைப்பையன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டான்.

தண்டம். எழுத்து மூலமாகத் தலைமையாசிரியருக்குப் புகார் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தோ முத்திரையோ வாங்குங்கள். கல்லூரி, விடுதி ராகிங் என்றால் தமிழ்நாட்டில் 1997ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. 1996இல் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்ட பிறகு வந்த சட்டம் அது. 2 ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். புகார் வந்தும் நடவடிக்கை எடுக்காத நிறுவனத் தலைவரையும் குற்றத்துக்கு உடந்தை என்று அந்தச் சட்டம் கொள்கிறது. ராகிங் புகாருக்கு 1800-180-5522 என்ற எண் எந்நேரமும் இயங்கும். பள்ளிப் பிள்ளைகள் 1098 (குழந்தைகள் உதவி எண்), 14417 (பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண்) ஆகியவற்றில் பேசலாம். ஆசிரியரே பிள்ளையை அடித்தால், அவமானப்படுத்தினால், கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அதைத் தடை செய்கிறது. உடலைத் தொட்டுச் சீண்டினால் அது பாலியல் குற்றங்களிலிருந்து பிள்ளைகளைக் காக்கும் போக்சோ சட்டத்தில் வரும். அப்போது ஏணி வேண்டாம், அன்றே 1098.

சாதியைச் சொல்லி நடக்கும் வம்பிலும் படிப்படியாகப் போகத் தேவையில்லை. 2023இல் நாங்குநேரியில் ஒரு மாணவனை வீடு புகுந்து சக மாணவர்களே வெட்டினார்கள். அதன்பின் அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு 2024இல் தந்த அறிக்கை, சாதி அடையாளமாகக் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளைப் பற்றியும் பேசியது. கோயில் கயிறு காப்புக்குக் கட்டுவது. அது இன்னொரு பிள்ளையை மிரட்டும் அடையாளமாக மாறிவிட்டால், அதை அவிழ்க்கச் சொல்வது பக்தியுள்ள பெற்றோரின் கடமை. நந்தனாரைத் திருமுறைகாட்டும் அறுபத்துமூவரில் வைத்து வணங்கும் நாம், அவர் வாசலில் நின்ற நிலையை இன்னொரு பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது.

படி 7: சபையைத் திருத்துங்கள்

திரௌபதியைச் சபைக்கு இழுத்துவந்த நாளில் துச்சாதனன் ஒருவன்தான் கை நீட்டினான். பீஷ்மரும் துரோணரும் இருந்தார்கள். கௌரவர்களில் விகர்ணன் என்ற இளையவன் எழுந்து இது அநியாயம் என்றான். விதுரர் பேசினார். அங்கே விதுரர் எடுத்துச் சொன்ன பழைய கணக்கை எல்லாப் பள்ளித் தாழ்வாரத்திலும் எழுதிவைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும். கண்டிக்க வேண்டியதைக் கண்டிக்காத சபையில், பாவத்தில் பாதி தலைமையில் இருப்பவருக்கு. கால் பங்கு செய்தவனுக்கு. கால் பங்கு பேசாமல் உட்கார்ந்திருந்தவர்களுக்கு.

செய்தவனுக்குக் கால்தான்! அவனைவிட இரு மடங்கு தலைமைக்கு. நிறுவனத் தலைவரை உடந்தை என்று கொள்ளும் 1997ஆம் ஆண்டுச் சட்டத்தைப் படித்தபோது எனக்கு விதுரர்தான் நினைவுக்கு வந்தார்.

உங்கள் பிள்ளை வம்புக்கு ஆளாகாவிட்டாலும் வேடிக்கை பார்க்கும் இடத்தில் இருக்கும். விகர்ணனைப் போல எழுந்து நின்று பேசும் துணிவு எல்லாப் பிள்ளைக்கும் வராது. சிறிய காரியங்களைச் சொல்லிக்கொடுங்கள்: சிரிக்காமல் இருப்பது, அடிபட்டவனின் பெயரைச் சொல்லி "வா, மணி அடித்துவிட்டது" என்று கூட்டிக்கொண்டு போவது, பிறகு ஆசிரியரிடம் சொல்வது. இடுப்புத் துணி நழுவும்போது கை தானாகப் போவதை நட்புக்கு உவமை சொன்னார் வள்ளுவர். அந்த வேகம் பழக்கத்தில் வருவது.

படி 8: மன்னிப்பை அவசரப்படுத்தாதீர்கள்

ஆசிரியர்கள் செய்யும் பெரிய தவறு, இரண்டு பிள்ளைகளையும் கைகுலுக்கவைத்து அன்றே முடித்துவிடுவது. பொறுமை நம் நூல்களில் உயர்ந்த குணம்தான். ஆனால் வனவாசத்தில் திரௌபதி தருமரிடம் ஒரு பழைய உரையாடலை நினைவூட்டுகிறாள். பிரகலாதனிடம் அவன் பேரன் பலி, பொறுமை உயர்ந்ததா, வலிமை உயர்ந்ததா என்று கேட்கிறான். எப்போதும் சீறுவதும் நல்லதல்ல, எப்போதும் பொறுப்பதும் நல்லதல்ல என்கிறார் பிரகலாதன். சொல்வது யார் என்று கவனியுங்கள். பெற்ற தகப்பனிடமே விஷமும் யானையும் கண்டவர். அந்தத் தகப்பனுக்காகவே பின்னால் நரசிம்மரிடம் மன்னிப்பு வேண்டியவர். கொடுமை நின்ற பிறகுதான் அந்த மன்னிப்பு வந்தது. வம்பு நிற்கட்டும், பிள்ளையின் பயம் அடங்கட்டும், அதன்பின் மன்னிப்பு தானாக வந்தால் வரட்டும்.

உங்கள் பிள்ளையே வாலியாக இருந்தால்

பள்ளியிலிருந்து அழைப்பு வந்ததும், "என் பிள்ளை அப்படிச் செய்யமாட்டான்" என்று தொடங்காதீர்கள், அடிக்கவும் செய்யாதீர்கள். வாலிக்கும் ஒரு காரணம் இருந்தது. அவன் குகைக்குள் மாயாவியோடு போரிட்டபோது, தம்பி குகையைப் பாறையால் மூடிவிட்டு நாட்டை எடுத்துக்கொண்டான் என்று நம்பினான். தம்பி சொன்ன விளக்கத்தைக் கேட்க மறுத்தான். அந்தக் காரணத்தைக் கேளுங்கள். கேட்டுவிட்டு, அது அவன் செய்ததை நியாயமாக்காது என்பதையும் சொல்லுங்கள். மன்னிப்பைக் கடிதமாக எழுதவையுங்கள். உடைத்ததை, கிழித்ததை அவன் கைக்காசில் வாங்கித் தரட்டும். வாலி சாகும்போது மகன் அங்கதனை இராமரிடம் ஒப்படைத்தான். அந்த அங்கதனையே இராமர் பின்னால் இராவணனிடம் தூது அனுப்பினார்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்

தூக்கம் கெட்டால், சாப்பாடு குறைந்தால், பிடித்த விளையாட்டையும் விட்டுவிட்டால், "நான் இல்லாவிட்டால் நல்லது" என்பது போல ஒரு சொல் வந்தால், கோயிலுக்கும் போங்கள், மருத்துவரிடமும் போங்கள். மந்திரித்துக் கயிறு கட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டாம். 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசகர்கள் இரவு பகலாகத் தமிழில் பேசுவார்கள், கட்டணம் இல்லை.

பள்ளி நடவடிக்கை எடுத்த பிறகும் மூன்று மாதம் நோட்டை மூட வேண்டாம். வம்பு சில வாரம் ஓய்ந்து, ஆசிரியர் கண் நகர்ந்ததும் திரும்ப வரும். அந்த அக்காவிடமும் இதையே சொன்னேன். அடுத்த மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குப் போனபோது அந்தத் தாயைப் பார்த்தேன். வீட்டுக்கு அழைத்துப் போய்க் காப்பி கொடுத்தார். பரணிலிருந்த நோட்டை நானே கேட்டு வாங்கிப் பார்த்தேன். பின்பக்கத்தில் தை மாதத்தில் ஒரே ஒரு வரி, அதுவும் சின்ன விஷயம். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. முன்பக்கத்திலிருந்து வந்த கூலிக் கணக்கு காப்பி முடிந்து மிளகுக்கு மாறி, அந்த வரிக்கு நான்கு விரற்கடை மேலே வந்து நின்றிருந்தது. "இடம் போதவில்லை டீச்சர், புது நோட்டு வாங்க வேண்டும்" என்றார்.